ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் அணியின் 2002ஆம் ஆண்டுப் பருவம்: 'மணிபால்' சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

முன்னுரை

பேஸ்பால் நம் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் ஆடும் ஆட்டம் அன்று. ஆயினும் 'மணிபால்' என்ற பெயரை நம் கல்லூரி மாணவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மேலாண்மை வகுப்பிலும் புள்ளியியல் வகுப்பிலும் அது அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. மைக்கேல் லூயிஸ் எழுதிய அந்நூல் 2003இல் வெளிவந்தது. 2011இல் பென்னட் மில்லர் இயக்கத்தில், பிராட் பிட் நடிப்பில் திரைப்படமாகவும் வந்தது. இரண்டும் அமெரிக்காவின் ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் என்னும் தொழில்முறை அணி 2002இல் ஆடிய பருவத்தைப் பற்றியவை.

பணமில்லாத ஓர் அணி, மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய ஆட்டக்காரர்களைப் புள்ளிவிவரத்தின் துணையால் கண்டெடுத்து, பணக்கார அணிகளுக்குச் சமமாக வென்றது என்பதே கதைச் சுருக்கம். இக்கதையில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஆண்டின் ஆட்டக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால், வெற்றியின் பெரும்பங்கைத் தேடித் தந்தவர்களுக்குக் கதையில், அதிலும் திரைப்படத்தில், ஏறக்குறைய இடமே இல்லை என்பது தெரியும். அவர்கள் யார், அவர்கள் விடுபட்டதால் நாம் எதைத் தவறாகக் கற்றுக்கொள்கிறோம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில குறிப்புகள்

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பேஸ்பால் விளங்குவது கடினமன்று. மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் எனச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். பந்தை எல்லைக்கு அப்பால் தூக்கி அடித்தால் ஹோம் ரன். அப்போது தளங்களில் நிற்பவர்களும் சேர்ந்து ஓட்டமாகி விடுவார்கள். மூவர் ஆட்டமிழந்தால் ஒரு பக்கத்தின் முறை முடியும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ்.

பந்து வீச்சாளர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நான்கு பந்துகளை வீசி, மட்டையாளர் அவற்றை அடிக்காமல் விட்டுவிட்டால், அவர் இனாமாக முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இதற்கு 'வாக்' என்று பெயர். பழைய மட்டைச் சராசரிக் கணக்கில் இந்த நடைக்கு மதிப்பில்லை. அடித்தோ நடந்தோ எத்தனை முறை தளத்தை எட்டினார் என்று பார்ப்பது 'தளமடையும் விகிதம்'. மணிபால் கதையின் அச்சாணி இதுதான்.

ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதன்பின் முன்னணி அணிகள் மட்டும் இறுதிச் சுற்றுகளுக்குச் செல்கின்றன. 2002இல் அவற்றுள் முதல் சுற்று ஐந்து ஆட்டத் தொடராக இருந்தது. மூன்றை வென்றவர் மேலே சென்றார். இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். பேஸ்பாலில் 'பொது மேலாளர்' என்பவர் ஆட்டக்காரர்களை வாங்குபவர், விற்பவர். 'மேலாளர்' என்பவர் களத்தில் அணியை நடத்துபவர், நம் வழக்கில் பயிற்சியாளர் போன்றவர்.

பருவம் நடந்த விதம்

2001இல் ஓக்லாண்ட் 102 ஆட்டங்களை வென்றது. இறுதிச் சுற்றின் முதல் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணியை முதல் இரண்டு ஆட்டங்களில் வென்றுவிட்டு, அடுத்த மூன்றிலும் தோற்று வெளியேறியது. அதன்பின் மூன்று முக்கிய ஆட்டக்காரர்கள் அணியை விட்டுப் போனார்கள். ஜேசன் ஜியாம்பியை ஏழாண்டுகளுக்கு 12 கோடி டாலர் கொடுத்து அதே யாங்கீஸ் அணி அழைத்துக்கொண்டது. ஜானி டேமன் பாஸ்டனுக்கும், ஜேசன் இஸ்ரிங்ஹாசன் செயின்ட் லூயிசுக்கும் சென்றனர். 2002இல் ஓக்லாண்டின் மொத்தச் சம்பளப் பட்டியல் ஏறத்தாழ 4 கோடி டாலர். யாங்கீஸ் அணியினுடையது அதைப்போல் மூன்று மடங்கு.

பொது மேலாளர் பில்லி பீன், போனவர்களுக்கு ஈடாகச் சிலரைக் குறைந்த விலைக்குச் சேர்த்தார். அவர்களுள் ஒருவர் ஸ்காட் ஹாட்டிபர்க். முழங்கை நரம்புக் காயத்தால் பந்தை எறியும் ஆற்றலை இழந்து, பாஸ்டன் அணியால் கைவிடப்பட்ட விக்கெட் காப்பாளர் போன்ற நிலையினர் அவர். அவருக்கு முதல் தளக் காவலைப் புதிதாகக் கற்றுக்கொடுத்து ஆட வைத்தனர். இன்னொருவர் வயது முதிர்ந்த டேவிட் ஜஸ்டிஸ். இருவருமே தளமடைவதில் வல்லவர்கள்.

தொடக்கம் நன்றாக இல்லை. மே மாத இறுதிவாக்கில் அணியின் கணக்கு 20 வெற்றி, 26 தோல்வி. அதன்பின் நிலைமை மாறியது. ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 4 வரை ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தொடர்ந்து 20 வெற்றிகளைப் பெற்றது. அமெரிக்கன் லீக்கில் அதற்குமுன் 19தான் உச்சம். 2017இல் கிளீவ்லாண்ட் 22 ஆட்டங்களை வென்று இதை முறியடித்தது.

இருபதாவது ஆட்டம் கதைபோலவே நடந்தது. கான்சாஸ் சிட்டிக்கு எதிராக 11-0 என முன்னிலை பெற்ற ஓக்லாண்ட், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து 11-11 என்ற நிலைக்கு வந்தது. ஒன்பதாம் இன்னிங்சில் மாற்று மட்டையாளராக இறங்கிய ஹாட்டிபர்க் ஹோம் ரன் அடித்து 12-11 என முடித்துவைத்தார். படத்தின் உச்சக்காட்சியும் இதுவே.

பருவ முடிவில் 103 வெற்றி, 59 தோல்வி. யாங்கீஸ் அணியும் அவ்வாண்டு 103 ஆட்டங்களையே வென்றது. ஆனால் இறுதிச் சுற்றின் முதல் தொடரிலேயே மினசோட்டா ட்வின்ஸ் அணியிடம் 3-2 எனத் தோற்று ஓக்லாண்ட் வெளியேறியது.

கணக்கு என்ன சொல்கிறது?

கணக்கைப் போற்றும் கதையைக் கணக்காலேயே சோதிப்பது முறையாகும். 2001இல் ஓக்லாண்ட் எடுத்த ஓட்டங்கள் 884. 2002இல் 800. அதாவது ஜியாம்பி போனபின், புதிய ஆட்டக்காரர்களைச் சேர்த்தும்கூட, 84 ஓட்டங்கள் குறைந்துவிட்டன. எதிரணிகளுக்குக் கொடுத்த ஓட்டங்கள் 2001இல் 645, 2002இல் 654. ஏறக்குறைய அதே அளவு.

மட்டையாட்டம் வலுவிழந்தது. பந்து வீச்சும் களக்காப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் அணி நிமிர்ந்து நின்றது. ஜியாம்பியின் இடத்தைப் புதியவர்கள் நிரப்பிவிட்டார்கள் என்று படம் பார்த்தவர் எண்ணுவார். உண்மையில் அந்த இடம் முழுதாக நிரம்பவில்லை. ஹாட்டிபர்க்கின் தளமடையும் விகிதம் 0.374. நல்ல எண்தான். ஆனால் 2001இல் ஜியாம்பியினுடையது 0.477.

விட்டுக்கொடுக்காத அந்த வீச்சாளர்கள் யார்? பாரி ஜிட்டோ அவ்வாண்டு 23 ஆட்டங்களை வென்று, ஐந்தில் மட்டுமே தோற்று, லீக்கின் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதைப் பெற்றார். மார்க் மல்டருக்கு 19 வெற்றி, டிம் ஹட்சனுக்கு 15. மூவருக்கும் சேர்த்து 57. அணியின் 103 வெற்றிகளில் பாதிக்கு மேல் இவர்கள் மூவர் பெயரில் உள்ளன.

மட்டையாளர்களிலும் முதலிடம் புதியவர்களுக்கு இல்லை. மிகெல் டெஹாடா 34 ஹோம் ரன்களும் 0.308 சராசரியும் பெற்று லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வென்றார். மூன்றாம் தளக் காவலர் எரிக் சாவேஸும் 34 ஹோம் ரன்கள் அடித்தார். வரலாறு படைத்த அந்தத் தொடரின் 18ஆவது வெற்றி, தோற்கவிருந்த ஆட்டத்தில் டெஹாடா கடைசியாக அடித்த ஹோம் ரன்னால் வந்தது. 19ஆவது வெற்றியும் கடைசி இன்னிங்சில் அவர் அடித்த அடியால்தான் வந்தது. 20ஆவதை மட்டும் படமாக எடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், டெஹாடா பொறுமையாக நின்று 'வாக்' வாங்குபவர் அல்லர். எட்டும் பந்தையெல்லாம் விளாசுபவர். சாவேஸ் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே எடுக்கப்பட்டவர். பள்ளிப் பிள்ளைகளை எடுப்பதைவிடக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுப்பதே அறிவுடைமை என்பது நூல் முன்வைக்கும் கொள்கைகளுள் ஒன்று. அணியின் இரண்டு தலைசிறந்த மட்டையாளர்களும் இக்கொள்கைகளுக்குள் அடங்காதவர்கள்.

இங்கு நூலையும் படத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. கல்லூரி வீச்சாளர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி நூல் விரிவாகவே பேசுகிறது. டெஹாடாவின் பொறுமையின்மையையும் ஒளிக்கவில்லை. படத்தில்தான் வீச்சாளர் மூவரும் காணாமல் போகிறார்கள்.

'மலிவு' என்பதன் பொருள்

இவ்வளவு திறமையானவர்களை 4 கோடி டாலருக்குள் எப்படி வைத்திருக்க முடிந்தது? இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்கப் பேஸ்பாலில் ஓர் இளம் ஆட்டக்காரர் தான் விரும்பும் அணிக்குப் போக முடியாது. ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் எந்த அணி அவர் பெயரைச் சொல்கிறதோ அந்த அணிக்கே அவர் உரியவர். முதன்மை லீக்கில் ஆறு ஆண்டுகள் ஆடி முடித்த பிறகே தம் உழைப்பைத் தாமே விலைபேசும் உரிமை கிடைக்கும். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தை ஒட்டியே வாங்க வேண்டும். 2002இல் அந்த அடிப்படைச் சம்பளம் 2 லட்சம் டாலர். 1975இல் ஒரு நடுவர் தீர்ப்பு வரும்வரை இந்த ஆறாண்டு உரிமைகூட இல்லை. ஓர் அணியில் சேர்ந்தவர், அந்த அணி விடும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

மேலும், முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்குத் தேர்வில் முன்னுரிமை உண்டு. 1997இல் ஓக்லாண்ட் 97 ஆட்டங்களில் தோற்றது. அதன் பயனாக 1998இல் நாட்டிலேயே இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. அதில் கிடைத்தவர்தான் மல்டர். 1999இல் ஒன்பதாவது இடத்தில் ஜிட்டோ கிடைத்தார். டொமினிக்கன் குடியரசின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த டெஹாடாவுக்கோ, சேரும்போது கிடைத்த தொகை சில ஆயிரம் டாலர்தான்.

ஆக, ஓக்லாண்ட் அணி மலிவாக இருந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பிறர் மதிப்பறியாத ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்த கூர்மை. மற்றொன்று, மதிப்பு நன்றாகவே தெரிந்திருந்தும் அதைக் கேட்டு வாங்கும் உரிமை இன்னும் வராத இளைஞர்களின் உழைப்பு. கதை முதல் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது காரணம் இல்லாமல் முதலாவது 103 வெற்றிகளைத் தந்திருக்காது.

உரிமை வந்ததும் என்ன நடந்தது என்று பாருங்கள். 2003 பருவம் முடிந்ததும் டெஹாடா ஆறாண்டுகளுக்கு 7 கோடியே 20 லட்சம் டாலருக்குப் பால்டிமோர் சென்றார். 2004 டிசம்பரில் ஹட்சனும் மல்டரும் வேறு அணிகளுக்கு மாற்றப்பட்டனர். 2006 பருவத்துக்குப் பின் ஜிட்டோவை ஏழாண்டுகளுக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து சான் பிரான்சிஸ்கோ வாங்கியது.

2002 ஆகஸ்டில், அந்த வெற்றித் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆட்டக்காரர்கள் சங்கம் ஆகஸ்ட் 30 அன்று வேலைநிறுத்தம் என்று நாள் குறித்திருந்தது. அன்றுதான் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி அடிப்படைச் சம்பளம் 3 லட்சம் டாலராக உயர்ந்தது. பணக்கார அணிகளின் வருவாயைப் பகிர்வதற்கும் வழி செய்யப்பட்டது. ஒருநாள் தவறியிருந்தால் அந்த வெற்றித் தொடரே பாதியில் நின்றிருக்கும். பணத்தைப் பற்றிய கதை என்று சொல்லிக்கொள்ளும் படம் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நான் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன். ஒருமுறை பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் நன்றாக உயர்ந்தபோது, விழா மேடையில் புதிய கற்பித்தல் திட்டத்தைப் பாராட்டினார்கள். தொகுப்பூதியத்தில் சேர்ந்து, மாலையில் ஆறு மணிவரை பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த இளம் ஆசிரியர்கள் பின்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டம் நல்ல திட்டம்தான். நானும் அதைப் பயன்படுத்தினேன். ஆனாலும் அந்தப் பின்வரிசை நினைவைவிட்டுப் போகவில்லை.

ஆர்ட் ஹாவுக்கு நேர்ந்தது

படத்தில் களமேலாளர் ஆர்ட் ஹாவ் பிடிவாதக்காரராக வருகிறார். ஹாட்டிபர்க்கை ஆட வைக்க மறுக்கிறார். வேறு வழியின்றி, ஹாவ் விரும்பும் கார்லோஸ் பென்யாவைப் பீன் விற்றுவிடுகிறார். ஜெரமி ஜியாம்பியும் அதே நாளில் போகிறார்.

நடந்தது வேறு. ஹாட்டிபர்க் அப்பருவத்தில் 136 ஆட்டங்களில் ஆடினார். ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருவரால் அத்தனை ஆட்டங்கள் ஆட முடியாது. ஜெரமி ஜியாம்பி மாற்றப்பட்டது மே மாதம், பென்யா மாற்றப்பட்டது ஜூலை மாதம். மேலும், அண்ணனின் இடத்தை நிரப்பப் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டவர்போல் படம் காட்டும் ஜெரமி, 2000 முதலே அந்த அணியில் இருந்தவர்.

கதைக்கு ஓர் எதிராளி வேண்டும் என்பது புரிகிறது. அதற்காகப் பல பாத்திரங்களை ஒன்றாக்குவதும், பெயர் மாற்றுவதும் உண்டு. பீனின் உதவியாளர் பால் டிபொடெஸ்டா தம் பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், படத்தில் பீட்டர் பிராண்ட் என்ற கற்பனைப் பாத்திரம் வந்தது. ஹாவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவருடைய சொந்தப் பெயரோடு, செய்யாத பிடிவாதம் சேர்க்கப்பட்டது. அவர் இரண்டாண்டுகளில் அணியை 205 வெற்றிகளுக்கு நடத்தியவர். படம் வந்தபோது வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தம் நியாயமானது.

தோற்கடித்தவர்களும் ஏழைகளே

ஓக்லாண்டைத் தோற்கடித்த மினசோட்டாவைப் பற்றி மணிபால் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. அவ்வணியின் சம்பளப் பட்டியலும் ஏறத்தாழ 4 கோடி டாலர்தான். 2001 நவம்பரில் அணி உரிமையாளர்கள் கூடி, இரண்டு அணிகளைக் கலைத்துவிட வாக்களித்தனர். கலைக்கப்பட இருந்தவற்றுள் மினசோட்டாவும் ஒன்று எனப் பேசப்பட்டது. கலைப்பு நடக்கவில்லை. மினசோட்டா 2002இல் 94 ஆட்டங்களை வென்றது. தானே தேர்ந்தெடுத்து வளர்த்த இளைஞர்களைக் கொண்டு, பழைய முறையிலேயே வென்றது.

ஐந்தாவது ஆட்டம் ஓக்லாண்டிலேயே நடந்தது. ஒன்பதாம் இன்னிங்சில் நான்கு ஓட்டங்கள் பின்தங்கியிருந்த ஓக்லாண்டுக்கு மார்க் எல்லிஸ் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். ஆனாலும் 5-4 என்று தோல்வி. அதே பிரிவில் 99 வெற்றிகளோடு ஓக்லாண்டுக்குப் பின்னால் இரண்டாமிடம் பெற்ற அனாஹைம் ஏஞ்சல்ஸ் அவ்வாண்டு உலகத் தொடரை வென்றது.

ஐந்து ஆட்டங்களில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு அதிகம் என்பது பீனின் வாதம். நூலும் அதையே சொல்கிறது. இதை நான் ஏற்கிறேன். ஆனால் 162 ஆட்டங்களுக்கும் அதே அளவுகோலை வைத்து மினசோட்டாவைப் பார்த்தால், குறைந்த பணத்தில் வெல்ல வேறு வழிகளும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நூலின் சிறப்பு

இவ்வளவு சொன்னதால் நூலைப் படிக்க வேண்டாம் என்று பொருளில்லை. கட்டாயம் படிக்க வேண்டிய நூல் அது. பன்றி இறைச்சியும் பயறும் டப்பாவில் அடைக்கும் ஆலையில் இரவுக் காவலராக இருந்துகொண்டே, 1977 முதல் தாமே பேஸ்பால் கணக்குகளை ஆராய்ந்து வெளியிட்ட பில் ஜேம்ஸைப் பற்றிய பகுதி மாணவர்களுக்கு ஊக்கம் தரும். நெடுங்காலமாக எல்லாரும் நம்பிவந்த ஒன்றை ஒரு தனிமனிதர் தாளும் பென்சிலும் கொண்டு கேள்வி கேட்க முடியும் என்பதை அது காட்டுகிறது. ஹாட்டிபர்க்குக்கு முதல் தளக் காவலைக் கற்றுக்கொடுத்த ரான் வாஷிங்டனின் பொறுமையும் அழகாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பின்னாளில் இவரே மேலாளராகி, டெக்சாஸ் அணியை 2010லும் 2011லும் உலகத் தொடருக்கு அழைத்துச் சென்றார்.

படமும் ஒரு விதத்தில் நேர்மையானது. வெற்றித் தொடரோடு முடித்துவிடாமல் தோல்வியையும் காட்டுகிறது. பாஸ்டன் அணி தரவந்த 1 கோடியே 25 லட்சம் டாலரைப் பீன் மறுத்ததையும் காட்டுகிறது. அந்தப் பாஸ்டன் அணி, இதே போன்ற கணக்கு முறையோடு பணத்தையும் சேர்த்துக்கொண்டு, 1918க்குப் பின் முதன்முறையாக 2004இல் உலகத் தொடரை வென்றது. ஏழை அணி கண்ட வழி பணக்கார அணிக்குக் கிடைத்ததும், ஏழைக்கு இருந்த சாதகம் குறைந்துபோயிற்று.

முடிவுரை

ஓக்லாண்ட் நகரில் இன்று அந்த அணி இல்லை. 2024 செப்டம்பர் 26 அன்று அங்குக் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு வெளியேறியது. தற்போது சாக்ரமென்டோ அருகே ஆடிக்கொண்டு, லாஸ் வேகாசுக்குக் குடிபெயரக் காத்திருக்கிறது. இருபதாவது வெற்றியைக் காண 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட அரங்கில் இன்று அந்த அணியின் ஆட்டம் இல்லை.

மணிபாலை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஹாட்டிபர்க்கின் 0.374ஐக் கரும்பலகையில் எழுதும்போது, அதன் பக்கத்தில் 57 என்ற எண்ணையும் எழுதுங்கள். அந்த வெற்றிகளைத் தந்த மூவரின் பெயரையும், அவர்களுக்கு அப்போது கிடைத்த சம்பளம் ஏன் குறைவாக இருந்தது என்பதையும் பிள்ளைகளிடம் கேளுங்கள். கணக்கில் எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்று கேட்பதுதான் பில் ஜேம்ஸ் தொடங்கி வைத்த வேலை. அந்தக் கேள்வியை மணிபால் கதையிடமும் கேட்க வேண்டும்.